சீட்டுக் குலுக்கிப் பார்த்தீர்களா?

நம் நாட்டில் ஒரு சங்கதியை உண்மையென்று ஜனங்கள் ஒப்புக்கொள்ளுவதற்கு இரண்டே இரண்டு சாட்சிகள் போதுமானவைகளாக இருந்து வருகின்றன. ஒன்று, "பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்" என்பது. மற்றொன்று, "எனக்குப் பலித்தது" என்பது. முதல் சாட்சியின் யோக்கியதை இன்று அநேகருக்குத் தெரிந்துவிட்டது. எந்தப் பெரியவர் சொன்னார், எதற்காகச் சொன்னார், அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் துணிந்துவிட்டார்கள். ஆனால் இரண்டாவது சாட்சியிடத்தில் மாத்திரம் படித்தவர், படியாதவர், பணக்காரர், ஏழை என்கின்ற பேதமே இல்லாமல் எல்லோரும் ஏமாந்து வருகின்றோம்.

லேகியம் விற்கிறவர் டெலிவிஷனில் பத்துப் பேரை உட்கார வைத்து, "என் நீரிழிவு தீர்ந்தது" என்று சொல்ல வைக்கிறார். மந்திரித்த கயிறு கட்டுகிறவர், "இந்தத் தெருவில் மூன்று பேருக்குப் பிள்ளை பிறந்தது" என்கிறார். ஜெபக் கூட்டம் நடத்துகிறவர், "நொண்டி நடந்தான்" என்கிறார். பரீட்சைக்குத் தயார் செய்யும் கம்பெனிக்காரர், "எங்களிடம் படித்த 100 பேரில் 95 பேர் பாஸ்" என்று நாற்சந்தியில் தட்டி வைக்கிறார். கயிற்றைக் கண்டு சிரிக்கிற பட்டதாரி லேகியத்தை வாங்குகிறார். லேகியத்தைக் கண்டு சிரிக்கிறவர் தட்டியைப் பார்த்துப் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். ஆனால் இந்த நான்கு பேரும் செய்கிற வித்தை ஒன்றே. நான்கு பேரும் ஒரே ஒரு கூட்டத்தைத்தான் நமக்குக் காட்டுகிறார்கள். "மற்றொரு கூட்டம் எங்கே?" என்று நாம் யாரும் கேட்பதில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்காததனாலேயே அவர்களுடைய பிழைப்பு நடக்கிறது.

மற்றொரு கூட்டம் எங்கே?

ஒருவனுக்கு ஜலதோஷம் பிடிக்கிறது. மூன்று நாள் பொறுத்துப் பார்க்கிறான். நான்காம் நாள் தாங்க முடியாமல் ஒருவரிடம் போய் விபூதி வாங்கிக்கொள்ளுகிறான். ஆறாம் நாள் சுகமாகி விடுகிறது. விபூதியினால் சுகமாயிற்று என்று ஊரெல்லாம் சொல்லுகிறான். அவன் பொய் சொல்லவில்லை. சுகமானதும் வாஸ்தவம், விபூதி பூசியதும் வாஸ்தவம். ஆனால் விபூதி பூசாத அடுத்த வீட்டுக்காரனுக்கும் அதே ஆறாம் நாள் சுகமாயிற்றே, அவனை யார் கூப்பிட்டு விசாரித்தார்கள்? மனிதன் வைத்தியரிடமோ மந்திரவாதியிடமோ போவது நோவு உச்சிக்கு ஏறினபிறகுதான். உச்சிக்கு ஏறினது பெரும்பாலும் இறங்கத்தான் செய்யும். அந்த இறங்குகிற சமயத்தில் யார் பக்கத்தில் நின்றாரோ அவருக்குக் கீர்த்தி போய்ச் சேருகிறது.

இன்னொரு விஷயத்தையும் யோசித்துப் பாருங்கள். குணமானவன் சாட்சி சொல்ல வருகிறான். குணமாகாதவன் வெட்கப்பட்டு வீட்டில் இருக்கிறான். செத்தவன் வருவதே இல்லை. ஆகவே எந்த மருந்துக்கும், எந்த மந்திரத்துக்கும், எந்தச் சாமிக்கும் சாட்சி சொல்ல ஆள் கிடைத்துக்கொண்டேதான் இருக்கும். வெறும் பச்சைத் தண்ணீரை ஒரு லட்சம் பேருக்குக் கொடுத்தாலும் ஆயிரக்கணக்கான பேர் சுகமானோம் என்று எழுதிக் கொடுப்பார்கள். நீரிழிவு முதலிய பல வியாதிகளைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்யக்கூடாது என்று நம் தேசத்தில் 1954-லேயே சட்டம் செய்தாகிவிட்டது. சட்டம் இருக்கிறது, விளம்பரமும் இருக்கிறது. ஏனென்றால் சட்டம் புஸ்தகத்தில் இருக்கிறது; ஏமாறும் குணம் நம் தலையில் இருக்கிறது.

பிரித்தது யார்?

சரி, சாமர்த்தியசாலியான வியாபாரி இரண்டாவது கூட்டத்தையும் காட்டிவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுவோம். "எங்களிடம் படித்தவர்களில் 100க்கு 95 பேர் பாஸ், படிக்காதவர்களில் 100க்கு 40 பேர்தான் பாஸ்" என்கிறார். இப்போது ஒப்புக்கொள்ளலாமா? கூடாது. அந்த இரண்டு கூட்டங்களையும் பிரித்தது யார் என்று கேட்க வேண்டும். சேரும்போதே ஒரு பரீட்சை வைத்து, நன்றாகப் படிக்கிற பிள்ளையை மாத்திரம் உள்ளே விட்டது யார்? பெருந்தொகை சம்பளம் கேட்டு ஏழைப் பிள்ளையை வாசலிலேயே திருப்பி அனுப்பியது யார்? வருஷக் கடைசியில் மார்க்கு வராத பிள்ளையின் தகப்பனாரைக் கூப்பிட்டு, "வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னது யார்? முன்னமேயே நீந்தத் தெரிந்தவர்களை ஒரு படகிலும், தெரியாதவர்களை மற்றொரு படகிலும் ஏற்றி, இரண்டையும் கவிழ்த்துவிட்டு, "பார்த்தீர்களா, எங்கள் படகின் மகிமையை" என்று சொல்லுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஆகவே இரண்டு கூட்டங்களை ஒப்பிட வேண்டுமானால் அவைகளை ஒருவரும் தம் இஷ்டப்படி பிரிக்கக்கூடாது. வியாபாரி பிரிக்கக்கூடாது, நோயாளி பிரிக்கக்கூடாது, நல்லெண்ணமுள்ள டாக்டர்கூடப் பிரிக்கக்கூடாது. டாக்டர் பிரித்தால், பிழைப்பான் என்று அவருக்குத் தோன்றுகிறவனுக்கே தம்மையறியாமல் புது மருந்தைக் கொடுத்துவிடுவார். அப்படியானால் யார்தான் பிரிப்பது? யாருக்கும் வேண்டியவன், வேண்டாதவன் என்ற பேதம் தெரியாத ஒன்று பிரிக்க வேண்டும். அது சீட்டுக் குலுக்கல். சீட்டுக்கு ஜாதி தெரியாது, பணம் தெரியாது, முகம் தெரியாது. சீட்டுக் குலுக்கிப் பிரித்தால் பலசாலியும் பலவீனனும், வயதானவனும் வாலிபனும், பணக்காரனும் ஏழையும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் போய் விழுவார்கள்.

107 சீட்டுகளின் கதை

இது ஏதோ புஸ்தகத்தில் மாத்திரம் இருக்கிற யோசனையல்ல. க்ஷயரோகத்துக்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து புதிதாய் வந்தபோது, இங்கிலாந்து தேசத்தில் அது எல்லோருக்கும் கொடுக்கப் போதவில்லை. அமெரிக்காவிலிருந்து வாங்குவதற்கு யுத்தம் முடிந்த அந்தச் சமயத்தில் டாலர் கிடையாது. இருக்கிற கொஞ்ச மருந்தை யாருக்குக் கொடுப்பது? அந்நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலார், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற கணக்கு நிபுணருடைய யோசனையின்படி, 1947-ல் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். யாருக்கு மருந்து, யாருக்குப் படுக்கை ஓய்வு மாத்திரம் என்பது மூடி முத்திரையிட்ட உறைகளுக்குள் இருந்தது. நோயாளியைச் சேர்த்துக்கொண்ட பிறகுதான் உறையைப் பிரிக்கலாம். எக்ஸ்ரே படங்களைப் பார்த்து அபிப்பிராயம் சொன்னவர்களுக்கு எது எந்தக் கூட்டத்தாருடைய படம் என்று தெரியாது.

1948-ல் முடிவு வெளியாயிற்று. மருந்து பெற்றவர்கள் 55 பேர். ஆறு மாதத்தில் செத்தவர்கள் 4 பேர். மருந்து பெறாதவர்கள் 52 பேர். செத்தவர்கள் 14 பேர். அதாவது 100க்கு 7 பேருக்கு எதிராக 100க்கு 27 பேர்.

இதைப் பார்த்தவுடனே மருந்து பலித்தது என்று கைதட்டிவிடலாமா? இங்கேதான் பகுத்தறிவுக்காரனுக்கும் பக்தனுக்கும் வழி பிரிகிறது. பகுத்தறிவுக்காரன் தன் கட்சிக்கு விரோதமான வக்கீலாகத் தானே எழுந்து நின்று வாதாட வேண்டும். "இந்த மருந்து வெறும் தண்ணீர் என்றே வைத்துக்கொள்ளுவோம். செத்த 18 பேரும் எந்தப் பக்கத்தில் இருந்தாலும் செத்துத்தான் இருப்பார்கள். குலுக்கலில் அவர்கள் தற்செயலாக அந்தப் பக்கம் அதிகமாகப் போய் விழுந்துவிட்டார்கள், அவ்வளவுதான். இதற்கு என்ன பதில்?" என்று கேட்க வேண்டும்.

இதற்குப் பதில் வாய்ச் சாமர்த்தியத்தில் இல்லை. ஒரு பானை இருந்தால் போதும். 107 சீட்டு எழுதுங்கள். 18 சீட்டில் "செத்தவர்" என்றும், 89 சீட்டில் "பிழைத்தவர்" என்றும் எழுதிப் பானையில் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு 55 சீட்டுகளை எடுங்கள். அதில் "செத்தவர்" எத்தனை என்று எண்ணுங்கள். பெரும்பாலும் 9 அல்லது 10 பக்கமாக வரும். மறுபடியும் எல்லாவற்றையும் போட்டுக் குலுக்கி எடுங்கள். இப்படி ஆயிரம் தடவை செய்து பார்த்தால், 4 அல்லது அதற்கும் குறைவாக வருவது பத்துத் தடவைகூட இராது. ஆகவே, "தற்செயல்" என்கின்ற எதிர்க்கட்சி வக்கீலின் வாதம் நிற்கவில்லை. மருந்து வெறும் தண்ணீராக இருந்தால் இவ்வளவு பெரிய வித்தியாசம் தற்செயலாய் வருவது 100க்கு ஒன்றுக்கும் குறைவு என்று அந்த டாக்டர்களும் கணக்குப் போட்டு எழுதினார்கள். இரண்டு கூட்டங்களை ஒப்பிட்டுச் சோதிப்பது என்று கணக்கு சாஸ்திரிகள் பெரிய பெரிய பெயர் வைத்துச் சொல்லுவதெல்லாம் இந்தப் பானையும் சீட்டும்தான். வேதம்போல் ஒரு கூட்டத்தாருக்கு மாத்திரம் சொந்தமான ரகசியம் இதில் ஒன்றுமில்லை. எண்ணத் தெரிந்த எவனும் செய்யலாம்.

அதே சமயத்தில், அந்தச் சோதனை எதைச் சொல்லிற்றோ அதை மாத்திரமே சொல்லிற்று என்பதையும் மறக்கக்கூடாது. அது ஆறு மாதத்துக் கணக்கு. அதே நோயாளிகளை ஐந்து வருஷம் கழித்து எண்ணினபோது, மருந்து பெற்ற 55 பேரில் 32 பேரும், பெறாத 52 பேரில் 35 பேரும் இறந்து போயிருந்தார்கள். கிருமிகள் அந்த ஒற்றை மருந்துக்குப் பழகிப் போய்விட்டதனால் வித்தியாசம் கரைந்துவிட்டது. எண்ணினதனால்தான் அது தெரிந்தது. கிருமிகள் இப்படிப் பழகிப் போவதைத் தடுக்கத்தான் இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிற முறை வந்தது. எந்த லேகியக்காரராவது ஐந்து வருஷம் கழித்துத் தம் நோயாளிகளை எண்ணிப் பார்த்ததுண்டா என்று கேட்கின்றோம்.

சென்னையில் நடந்தது

இங்கிலாந்து சங்கதி இருக்கட்டும். நம் சென்னையில் நடந்ததைக் கேளுங்கள். க்ஷயரோகம் என்றால் சானடோரியத்தில் சேர்க்க வேண்டும். நல்ல காற்று, பாலும் முட்டையும், மாதக்கணக்கில் ஓய்வு, பக்கத்தில் தாதி, இவையெல்லாம் இல்லாவிட்டால் பிழைக்க முடியாது என்பது உலகத்துப் பெரிய டாக்டர்களுடைய முடிவாக இருந்து வந்தது. இதற்கு அர்த்தம் என்ன? ஏழைக்குப் பிழைக்க வழியில்லை என்பதுதான் அர்த்தம். நோயாளிகள் லட்சக்கணக்கு, படுக்கைகளோ மிகச் சொற்பம். கூலி வேலை செய்கிறவன் ஒரு வருஷம் படுத்துக்கொண்டால் குடும்பம் என்ன செய்யும்?

1956-ல் சென்னை சேத்துப்பட்டில் ஏற்பட்ட க்ஷயரோக மருந்துச் சிகிச்சை நிலையத்தார் இதைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தார்கள். 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியார் சானடோரியத்துக்குப் போனார்கள். மற்றொரு பாதியார் தங்கள் குடிசையிலும் ஒட்டு வீட்டிலும் இருந்துகொண்டு, கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு, அதே மருந்துகளை விழுங்கினார்கள். ஒரு வருஷத்தில் நோய் அடங்கினவர்கள் சானடோரியத்தில் 100க்கு 92 பேர். வீட்டில் 100க்கு 86 பேர். 1959-ல் இது வெளியாயிற்று.

92க்கும் 86க்கும் 6 வித்தியாசம் இருக்கிறதே என்று கேட்கலாம். பானையைக் கொண்டு வாருங்கள். ஒரு பக்கத்துக்கு நூறு பேருக்கும் குறைவாக இருக்கும்போது, இவ்வளவு வித்தியாசம் வெறும் குலுக்கலிலேயே தாராளமாக வரக்கூடியது. இரண்டும் அச்சு மாறாமல் ஒன்றே என்று இதனால் ருஜுவாகி விட்டதா? அதுவும் இல்லை. தற்செயல் என்ற வாதத்தைத் தள்ள முடியவில்லை என்பது வேறு. இரண்டும் சமம் என்று நிரூபித்தாகிவிட்டது என்பது வேறு. குற்றம் ருஜுவாகவில்லை என்பதனால் குற்றமே நடக்கவில்லை என்று ஆகிவிடுமா? ஆனால் மாளிகை வைத்தியத்துக்கும் குடிசை வைத்தியத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கும் என்று சொன்னார்களே, அந்த மலையும் இல்லை மடுவும் இல்லை என்பது நன்றாய்த் தெரிந்துவிட்டது. வீட்டில் வைத்தியம் பெற்றவர்களுடைய பெண்டு பிள்ளைகளுக்கு நோய் அதிகமாய்த் தொற்றவில்லை என்பதும் பின்னால் கணக்கெடுத்துப் பார்த்ததில் தெரிந்தது. உலகத்தின் க்ஷயரோகச் சிகிச்சையே இதனால் மாறிற்று. சானடோரியத்தின் படுக்கை இல்லாமல் ஏழை பிழைக்கலாம் என்பதைச் சென்னை ஏழைகளின் உடம்பே உலகத்துக்கு எடுத்துக்காட்டிற்று. பெரிய டாக்டர்களின் வாக்குக்கும் மேலே ஒரு குலுக்கல் நின்றதென்றால், மற்ற வாக்குகளைப் பற்றிச் சொல்லவா வேண்டும்?

நமக்குச் சாதகமான எண்ணும் எண்தான்

நிற்க, பிரார்த்தனைக்கும் இந்தச் சோதனையை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆறு ஆஸ்பத்திரிகளில் இருதய ஆபரேஷன் செய்துகொண்ட 1,802 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். முதல் கூட்டத்தாருக்காக மற்றவர்கள் 14 நாள் பிரார்த்தனை செய்தார்கள். இரண்டாவது கூட்டத்தாருக்குச் செய்யவில்லை. எந்தக் கூட்டம் எது என்பது இவ்விரு கூட்டத்தாருக்கும் தெரியாது. மூன்றாவது கூட்டத்தாருக்குப் பிரார்த்தனையும் செய்து, செய்வதாகவும் சொல்லிவிட்டார்கள். 2006-ல் முடிவு வந்தது. ஆபரேஷனுக்குப் பின் தொந்தரவு ஏற்பட்டவர்கள் முதல் கூட்டத்தில் 100க்கு 52 பேர். பிரார்த்தனை செய்யப்படாத இரண்டாவது கூட்டத்தில் 51 பேர். இந்த ஒன்று வித்தியாசம் பானையில் எப்போதும் வருவது. ஆனால் பிரார்த்தனை நடப்பதாகத் தெரிந்துகொண்ட மூன்றாவது கூட்டத்திலோ 59 பேர்!

இதைக் கண்டவுடனே, "பார்த்தீர்களா, பிரார்த்தனை ஆளைக் கெடுக்கிறது, கணக்கே சொல்லிவிட்டது" என்று குதிக்க நம்மில் சிலருக்கு ஆசை வரும். அப்படிக் குதிப்பது பகுத்தறிவாகாது. "நமக்காகப் பிரார்த்தனை செய்யும்படி அவ்வளவு மோசமாகவா இருக்கிறோம்" என்ற பயத்தினால் வந்திருக்கலாம், தற்செயலாகவும் வந்திருக்கலாம். மறுபடியும் சோதிக்காமல் சொல்ல முடியாது. எதிரிக்குச் சாதகமான எண்ணைப் பத்துத் தடவை உரைத்துப் பார்ப்பதும், நமக்குச் சாதகமான எண்ணை அப்படியே விழுங்கிவிடுவதும் பக்தி அல்லாமல் வேறென்ன?

இதற்கு ஒரு வேடிக்கையான பாடமும் உண்டு. ரத்தத்தில் கிருமி கண்ட 3,393 நோயாளிகள் 1990 முதல் 1996 வரையில் இஸ்ரேல் தேசத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இருந்தவர்கள். லைபோவிசி என்ற டாக்டர் அவர்களுடைய பெயர்ப் பட்டியலை 2000-ல் எடுத்து, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அப்போது பிரார்த்தனை செய்வித்தார்! அதாவது, பிழைத்தவர் வீட்டுக்குப் போய், செத்தவர் மண்ணுக்குப் போய், பல வருஷம் ஆனபிறகு. பழைய ரிக்கார்டுகளை எடுத்துக் கணக்குப் பார்த்தார். பிரார்த்தனை செய்யப்பட்ட கூட்டத்தார் ஆஸ்பத்திரியில் இருந்த நாளும், ஜுரம் அடித்த நாளும் குறைவு என்று வந்தது. தற்செயலுக்குரிய சோதனையிலும் அது தேறிவிட்டது! 2001-ல் ஒரு பிரபல வைத்தியப் பத்திரிகையின் கிறிஸ்துமஸ் இதழில் இதை அச்சிட்டார்கள். இதைப் படித்துவிட்டுப் போன வருஷத்து ஜுரத்துக்கு இந்த வருஷம் மருந்து சாப்பிடத் தொடங்குவதா?

இதில் அறிய வேண்டியது என்னவென்றால், தற்செயல் 100க்கு 5 தடவை நம்மை ஏமாற்றத்தான் செய்யும். 20-ல் ஒன்றுக்குக் குறைவானால் கவனிக்கத் தக்கது என்கிற எல்லையை, ஃபிஷர் என்ற கணக்கு நிபுணர் 1925-ல் எழுதிய புஸ்தகம் பரப்பிற்று. அது மனிதன் போட்ட கோடு, ஆகாயத்திலிருந்து இறங்கினதல்ல. பலன் ஒன்றுமே இல்லாத மருந்தை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத 20 விதத்தில் அளந்து பார்த்தால், ஏதாவது ஒன்றிலாவது அது "தேறிவிடும்" என்பதற்கு 100க்கு 64 பங்கு இடமுண்டு. அந்த ஒன்றை மாத்திரம் எடுத்து விளம்பரம் செய்துவிட்டு, மற்ற பத்தொன்பதையும் அடுப்பில் போடுகிறவன், நூறு ஜோசியம் சொல்லிப் பலித்த இரண்டை மாத்திரம் பேசிக்கொண்டு திரிகிறவனுக்கு அண்ணன். ஆகவே எதை அளக்கப் போகிறாய் என்று முன்னாலேயே சொல்லவைத்து, எத்தனை தடவை பார்த்தாய் என்று பின்னாலும் கேட்க வேண்டும்.

தற்செயல் அல்ல, செயல்!

இனி, இவை எல்லாவற்றிலும் பெரிய புரட்டுக்கு வருகின்றோம். அது என்னவென்றால், வித்தியாசம் இருக்கிறது என்று காட்டிவிட்டு, காரணத்தைத் தன் பையிலிருந்து எடுத்து நுழைத்துவிடுவது.

இந்தப் புரட்டு இந்தச் சோதனையோடு கூடவே பிறந்தது. 1710-ல் லண்டனில் ஆர்புத்நாட் என்ற வைத்தியர், அந்நகரத்தில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகளின் கணக்கை எடுத்துப் பார்த்தார். 82 வருஷத்திலும், ஒரு வருஷம்கூடத் தப்பாமல், ஆண் குழந்தைகளே அதிகம். காசைச் சுண்டி 82 தடவையும் தலையே விழுவது எவ்வளவு அரிது! ஆகையால் இது தற்செயலல்ல என்றார். அதுவரையில் நியாயம். ஆனால் அடுத்த வரியில், "ஆகவே இது கடவுளின் ஏற்பாடு" என்றார்! தற்செயலல்ல என்பதிலிருந்து கடவுள் எப்படி வந்தார்? ஆண் பிறப்பதற்குரிய இயற்கையான விகிதம் சரிபாதியல்ல, 35-ல் 18 என்று வைத்துக்கொண்டாலே கணக்குச் சரியாகிவிடும் என்று நிக்கோலஸ் பெர்னூலி என்ற கணக்கு நிபுணர் பதில் சொன்னார். எதிரியின் வாதம் தோற்றால் நம் வாதம் ஜெயித்துவிட்டதாக ஆகாது. இன்னும் பத்து வாதங்கள் வாசலில் காத்திருக்கலாம்.

அன்று கடவுளை நுழைத்தவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் பிறப்பை நுழைத்தார்கள். கால்டனும், பியர்சனும், மேலே சொன்ன ஃபிஷரும் இந்தக் கணக்கு முறைகளை உலகத்துக்குத் தந்தவர்கள். ஆனால் மனிதரில் நல்ல வித்து, கெட்ட வித்து என்று பிரித்து இனத்தைத் திருத்த வேண்டும் என்ற கொள்கைக்கும் அவர்களே மூலபுருஷர்கள். லண்டனுக்குக் குடியேறிய யூதக் குழந்தைகளை அந்நாட்டுக் குழந்தைகளோடு அளந்து பார்த்து, சராசரியில் அவர்கள் தாழ்ந்தவர்கள் என்று 1925-ல் பியர்சன் தம் கூட்டாளியோடு எழுதினார். கணக்குத் தெரிந்தவரே இப்படி எழுதினார் என்றால், கணக்கு தெரிவதனாலேயே நியாயபுத்தி வந்துவிடாது என்று அர்த்தம். அவர் வேலை செய்த லண்டன் யூனிவர்சிடி காலேஜாரே 2020-ல் கால்டன், பியர்சன் பெயர்களைத் தங்கள் கட்டடங்களிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அங்கே கட்டடத்திலிருந்து இறங்கின வாதம் இங்கே தெருத் திண்ணையில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. "இன்ன ஜாதிப் பிள்ளைகளின் சராசரி மார்க்கு இவ்வளவு, இன்ன ஜாதிப் பிள்ளைகளின் சராசரி மார்க்கு இவ்வளவு. லட்சக்கணக்கான பேரை எண்ணியாகிவிட்டது, இது தற்செயலல்ல. ஆகையால் புத்தி பிறவியிலேயே வருகிறது" என்கிறார்கள். வித்தியாசம் தற்செயலல்ல என்பதை நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். அது எப்படித் தற்செயலாகும்? ஒரு கூட்டத்தாரைத் தலைமுறை தலைமுறையாகப் பள்ளிக்கூடத்து வாசற்படிக்கு வெளியே நிறுத்தி வைத்தது தற்செயலா? ஒருவன் வீட்டில் புஸ்தகமும் விளக்கும் வாத்தியாரும், மற்றொருவன் வீட்டில் பசியும் இருட்டும் இருப்பது தற்செயலா? அது தற்செயலல்ல, ஐயா, அது செயல்! மனிதர் மனிதருக்குச் செய்த செயல்.

பிறவிதான் காரணம் என்று சொல்லுகிறவர்களை ஒன்று கேட்கின்றோம். இந்த இரண்டு கூட்டங்களையும் சீட்டுக் குலுக்கியா பிரித்தீர்கள்? பிறந்த குழந்தைகளின் பெயரைப் பானையில் போட்டுக் குலுக்கி, பாதிப் பேரை அக்கிரகாரத்திலும் பாதிப் பேரைச் சேரியிலும் வளர்த்துப் பார்த்தீர்களா? பார்க்கவில்லையானால், பிறவியைப் பற்றிப் பேச உங்கள் கணக்குக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நீந்தத் தெரிந்தவனையும் தெரியாதவனையும் வெவ்வேறு படகில் ஏற்றின பழைய கதை அல்லாமல் இது வேறென்ன?

இன்னும் ஒன்று. லட்சக்கணக்கான பேரை எண்ணினால் அரை மார்க்கு வித்தியாசம்கூடத் தற்செயலல்ல என்று சோதனையில் தேறிவிடும். தேறுவது வேறு, பெரிதாக இருப்பது வேறு. சராசரி என்பது கூட்டத்தின் சங்கதி. எதிரே நிற்கிற பிள்ளையின் சங்கதியல்ல. சராசரி குறைந்த கூட்டத்திலும், சராசரி உயர்ந்த கூட்டத்தின் பாதிப் பேரை மிஞ்சுகிற பிள்ளைகள் ஆயிரமாயிரம் இருப்பார்கள். கூட்டத்தின் சராசரியை ஒரு குழந்தையின் நெற்றியில் எழுதுவதற்கும், பிரம்மா தலையெழுத்து எழுதினார் என்பதற்கும் என்ன பேதம்? அங்கே எழுதுகோல் பிரம்மாவின் கையில்; இங்கே கணக்குப் பிள்ளையின் கையில். அவ்வளவுதான்.

கேட்க வேண்டியவை

தோழர்களே! இந்தச் சோதனையைக் கும்பிட வேண்டாம், பயப்படவும் வேண்டாம். அது ஒரு தராசு. கள்ளத் தராசு இருக்கிறது என்பதற்காக நிறுக்காமல் வாங்குகிறவன் இன்னும் பெரிய முட்டாள். ஆகையால் லேகியம் விற்கிறவர் வந்தாலும், ஜெபம் செய்கிறவர் வந்தாலும், பள்ளிக்கூடத் தட்டிக்காரர் வந்தாலும், ஜாதிப் பெருமைக்காரர் கணக்குப் புஸ்தகத்தோடு வந்தாலும், ஏன், நாமே வந்தாலும், ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். மற்றொரு கூட்டம் எங்கே? இரண்டையும் பிரித்தது யார்? இந்த வித்தியாசம் பானையில் தானாக வருமா, வராதா? எத்தனை தடவை பார்த்துவிட்டு இந்த ஒன்றைக் காட்டுகிறாய்? வித்தியாசத்துக்கு நீ சொல்லுகிற காரணத்தை எங்கேயிருந்து எடுத்தாய்?

இந்த ஐந்து கேள்விகளுக்கும் பதில் சொல்லுகிறவனிடம் மருந்து வாங்கிச் சாப்பிடுங்கள், பிள்ளையைச் சேருங்கள், அவன் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். பதில் சொல்லாமல் கோபிக்கிறவனிடம் நின்று வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள். அவனுக்கு வேண்டியது உங்கள் புத்தியல்ல, உங்கள் பணமும் உங்கள் பணிவும்தான் என்று தெரிந்துகொண்டு வீட்டுக்கு வந்து சேருங்கள்.